மூன்றாவது கை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. இப்போதும் கிடையாது என்று எழுதத்தான் ஆசை, ஆனால் அந்த 'இப்போதும்' வருகிற இடத்தில் பேனா கொஞ்சம் நின்று விடுகிறது. நான் ஈப்போவில் ஒரு பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுப்பவன். பிறந்து வளர்ந்தது எஸ்டேட்டில். ரப்பர் காட்டுக்குள் வெள்ளைச் சேலை நின்றது, ஆளில்லாத பால் கொட்டாயில் வாளி உருண்டது என்று எங்கள் ஆட்கள் சொல்லும் கதை எல்லாவற்றையும் கேட்டு, எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துச் சொல்லி, 'படிச்ச திமிரு' என்று பேரும் வாங்கினவன். அப்படிப்பட்ட நான் இதைப் போய் யாரிடம் சொல்ல? "இவனத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு பஸ் ஏத்தி விடுங்கடா" என்பார்கள், மனநல ஆஸ்பத்திரி இருக்கிற ஊர் அது. நீங்களும் சொல்லலாம், தப்பில்லை. முழுக்கக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் தூண்டிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்தப் பேச்சை ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது என்று வீட்டில் குறை, ஆனால் தூண்டில் புரியாவிட்டால் நடந்தது எதுவுமே புரியாது.

சம்பானில், அதாவது சின்ன மரப்படகில், உட்கார்ந்து கடலடி மீனைப் பிடிக்கக் கோலெல்லாம் வேண்டாம், கைநூல் போதும். நீளமான தாய் நரம்பு, அதன் நுனியில் ஈயக்குண்டு, குண்டுக்கு மேலே இடைவெளி விட்டுக் கிளை நரம்புகள், கிளைக்கு ஒரு முள், முள்ளில் உயிர் இறால். ஈயக்குண்டு அடியில் 'டொக்'கென்று தட்டும், உடனே ஒரு முழம் தூக்கிப் பிடிக்க வேண்டும், ஆள்காட்டி விரலில் நரம்பைப் போட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் ஆற்றுவாய்க்கும் பங்கோர் தீவுக்கும் நடுவில் நீர் இழுக்கிற இழுப்பில் கிளை நரம்பு போய்த் தாய் நரம்பைச் சுற்றிக்கொள்ளும், இரை நரம்போடு ஒட்டிக்கொண்டு கிடக்கும், மீன் திரும்பிக்கூடப் பார்க்காது. நான் இதற்கு என்னென்னவோ செய்து பார்த்திருக்கிறேன். பால்பாயிண்ட் பேனாக் குழாயைக்கூட வெட்டி மாட்டிப் பார்த்தேன், சரிப்படவில்லை.

வழி கண்டுபிடித்தவர் சவரி அண்ணன், எங்கள் எஸ்டேட்காரர். ஆயர் தாவார் பக்கம் எங்கள் எஸ்டேட்டில் ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை போட்டார்கள். பால் வடியும் கிண்ணத்துக்கு எங்கள் ஆட்கள் மங்கு என்பார்கள். அந்த மங்கை மரத்தோடு தாங்கி நிற்கிற கம்பிகள் மூட்டை மூட்டையாகப் பழைய ஸ்டோருக்குப் பின்னால் கேட்பாரற்றுக் கிடந்தன. சவரி அண்ணன் அதில் ஒன்றை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டினார். ஒரு முனையைத் தாய் நரம்பில் வளையமாக முறுக்கி மாட்டினார், மறுமுனையில் கிளை நரம்பைக் கட்டினார். கம்பி கை நீட்டின மாதிரி விறைப்பாக வெளியே நிற்க, கிளை சுற்றுவது நின்றுபோனது. அதற்கு அவர் வைத்த பேரும் 'கை'தான். "எத்தன கை போட்ட?" "ரெண்டு கை." இப்படித்தான் நாங்கள் பேசிக்கொள்வோம். நீர் மந்தமாக ஓடினால் மூன்று கை, வேகமாக ஓடினால் இரண்டு.

சவரி அண்ணனுக்குப் பீச்சக்கை. அவர் முறுக்கிய கம்பி எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருக்கும். சந்தேகமிருந்தால் ஒரு கம்பியை நீங்களே வலக்கையால் முறுக்கிப் பாருங்கள், பிறகு இடக்கைக்காரர் ஒருவரை முறுக்கச் சொல்லுங்கள், தெரியும். ஒரு டின் நிறையக் கைகளைக் கொட்டினாலும், கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே எது சவரி அண்ணன் முறுக்கியது என்று நானும் அந்தோணியும் சொல்லிவிடுவோம். அந்தோணி அவருடைய தம்பி, என் வயது, ஒரே லயத்து வீட்டு வரிசையில் என்னோடு வளர்ந்தவன், செம்பனை ஆலையில் வேலை பார்த்துக்கொண்டு அண்ணன் வீட்டிலேயே இருந்தவன்.

இன்னொரு வழக்கமும் சவரி அண்ணனுக்கு உண்டு. கிளம்புவதற்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை தூண்டில் இறக்குவார். அந்த இறக்கத்துக்கு மட்டும் ஒரு கை கூடுதலாகப் போடுவார். அதில் முள் இருக்காது. மனைவியின் தையல் மெஷின் நூலால் ஓர் இறாலைக் கட்டி விடுவார், அவ்வளவுதான். 'கடலுக்கு ஒரு கை' என்பார், ஏதோ இலையில் ஒரு கை சோறு வைக்கிற மாதிரி. அதன் பேர் வெறுங்கை. வெறுங்கை இறங்கி ஏறிவிட்டால் அன்றைய வேலை முடிந்தது. அதற்குப் பிறகு கடல் முழுக்க மீன் துள்ளினாலும் தூண்டிலைத் தொட மாட்டார், எஞ்சினை இழுத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவார்.

"கடலுக்கு ஏண்ணே நாம சோறு போடணும்? மீனெல்லாம் அதோடதுதானே?" என்று நான் கிண்டல் செய்திருக்கிறேன்.

"நீ வந்தா என் பொண்டாட்டி ஒனக்குச் சோறு போடுறால்ல? ஒன் வூட்ல அரிசி இல்லாமயா?" என்பார்.

ஒரு நாள் அவர் தனியாகப் போனார். திரும்பவில்லை. அந்தோணியோடு தேடிப் போன மலாய்க்கார மீனவர்கள் சம்பானைக் கண்டுபிடித்தார்கள். அவர் வழக்கமாக நிற்கும் லுபோக்கிலேயே அது நங்கூரம் போட்டபடி நின்றது. லுபோக் என்றால் கடலடியில் பாறையும் பள்ளமுமாக மீன் தங்குகிற இடம். போத்தலில் பாதித் தண்ணீர் இருந்தது, தொப்பி இருந்தது, கைநூல் கடலுக்குள் இறங்கியபடி இருந்தது. ஆள் மட்டும் இல்லை. உடலும் கிடைக்கவில்லை. அந்தக் கைநூலை ஏற்றிப் பார்த்தவன் அந்தோணி. அதில் இரண்டு கை இருந்தது, இரண்டிலும் முள் இருந்தது. வெறுங்கை இல்லை.

அங்கேதான் அவன் புத்தி மாட்டிக்கொண்டது.

"அண்ணே வெறுங்கை போடல வாத்தி," என்றான் என்னிடம். வாத்தி என்பது நான்தான். "அப்ப இன்னும் கெளம்பல. மீன் புடிச்சிக்கிட்டுதான் இருக்கான்."

துக்கத்தில் பேசுகிறான், சரியாகிவிடும் என்று நினைத்தேன். சரியாகவில்லை. லீவு கிடைக்கிற நாளெல்லாம் அதே சம்பானில், அதே நங்கூரத்தோடு, அதே லுபோக்குக்குப் போனான். வருஷம் திரும்பியும் விடவில்லை. மாதா கோயில் சாமியார் இறந்தவர்களுக்கான பூசை வைத்துவிடலாம் என்று பக்குவமாகச் சொன்னபோது, "செத்தவங்களுக்குத்தானே பூச? யாரு செத்தா?" என்று வாசலிலேயே கத்திவிட்டு வந்தான். சவரி அண்ணனின் மனைவி பிலோ அண்ணி தாலியைக் கழற்றவும் முடியாமல், போட்டுக்கொண்டிருக்கவும் முடியாமல் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பள்ளி விடுமுறைக்கு நான் ஊருக்குப் போயிருந்தேன். கடலுக்குப் போவதாகத்தான் திட்டம், புதிதாகக் கைகள் முறுக்கிக் கொண்டு போயிருந்தேன், ஒரே குஷி. அந்தோணியைப் பார்க்கப் போனால் அவன் இல்லை, அண்ணி மட்டும் மெஷினில் உட்கார்ந்து மகளுக்குப் பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தார், அந்த நீலப் பினாஃபோர்.

"நாளைக்கு அவன்கூடப் போறியா தம்பி?"

"போறேன் அண்ணி. இந்தத் தடவ கையக் கொஞ்சம் நீளமா வெட்டியிருக்கேன், பாருங்க..."

"மீனப் பத்திப் பேசாத." மெஷினை நிறுத்தினார். "போன தடவ அவன் எரை வாங்காமலே போனான். ஐஸ் பொட்டியும் இங்கயேதான் கெடந்துச்சு. எரை இல்லாம ஒருத்தன் நாள் பூரா கடல்ல என்னா பண்ணுவான்? சொல்லு, நீதான் படிச்சவனாச்சே."

என்ன செய்வதென்று தெரியாமல் மெஷின் மேலிருந்த நீல நூல்கண்டை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தேன்.

"ஒருத்தரக் குடுத்துட்டேன். இவனையும் குடுக்க என்னால முடியாது தம்பி. கூட்டிக்கிட்டு வந்துரு."

"கூட்டிட்டு வாரேன் அண்ணி."

அப்போது அந்தோணி உள்ளே வந்தான். என் கையிலிருந்த நூல்கண்டைப் பார்த்தான். "என்னா வாத்தி, டைலர் வேலைக்குச் சேந்துட்டியா? ஸ்கூல்ல நிப்பாட்டிட்டானுங்களா?" என்று சிரித்தான். பழைய அந்தோணி மாதிரியேதான் இருந்தான். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

மறுநாள் வெளிச்சம் வரும்போது கிளம்பினோம். இறால் நான்தான் வாங்கினேன், அவன் வாங்கவில்லை. கடல் கண்ணாடி மாதிரி கிடந்தது. பங்கோர் மலையின் பள்ளத்தையும் கரையோரத்து ஒற்றை மரத்தையும் நேர்கோட்டில் பிடித்து, லுபோக்கின் மேல் வந்து, நீர் வருகிற பக்கம் கொஞ்சம் தள்ளி நங்கூரத்தைப் போட்டான். கயிறு இழுபட்டுச் சம்பான் அப்படியே பின்வாங்கி லுபோக்குக்கு நேர் மேலே வந்து நின்றது. அவ்வளவு கச்சிதமாக நிறுத்த என்னால் முடியாது.

நான் இரண்டு கை போட்டு இறக்கினேன். நான் கை மாட்டுகிற முறையையும் சொல்லிவிடுகிறேன், பிறகு இது முக்கியம். சிலர் கம்பியை நரம்பின் மேலேயே வைத்து முறுக்குவார்கள், அப்படிச் செய்தால் நரம்பில் கீறல் விழும், பெரிய மீன் இழுத்தால் அந்த இடத்தில் அறுந்துபோகும். அதனால் நான் முதலிலேயே வளையத்தை முறுக்கி முடித்துவிட்டு, தாய் நரம்பின் நுனியை அதற்குள் நுழைத்துத்தான் கையை மாட்டுவேன். எல்லாக் கையும் ஏறிய பிறகு கடைசியாக ஈயக்குண்டு. குண்டின் முடிச்சு வாலைச் சிகரெட் நெருப்பால் சுட்டு ஒரு சின்ன உருண்டையாக்கிவிடுவேன், அவிழாது. அது என் முத்திரை.

மீன் எடுத்தது. செனாங்கின் மீன்கள், நல்ல முழ நீளம், வெடுக்கென்று பறிக்கும். வேறு நாளாக இருந்தால் நான் கத்திக் கூச்சல் போட்டிருப்பேன். ஏற்றி, மீனைக் கழற்றி, இரை மாற்றி, இறக்கி, மறுபடி ஏற்றி, இப்படி எத்தனையோ தடவை அந்தத் தூண்டில் என் கைவழியாகப் போய் வந்தது. ஒவ்வொரு தடவையும் இரண்டு கை. அந்தோணி முன்பக்கம் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். தூண்டில் போடவே இல்லை. நங்கூரக் கயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, நாடி பார்க்கிறவன் மாதிரி தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தான்.

"டேய், ஒரு நூலாச்சும் போடேன்டா."

"நீ புடி லா. நான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

எதைப் பார்க்கிறாய் என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

வெயில் ஏறவேண்டிய நேரத்தில் ஏறவில்லை. திரும்பிப் பார்த்தேன். மேற்கே, சுமத்ரா பக்கம், அடிவானத்தில் கரியால் கோடு போட்ட மாதிரி இருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தக் கோடு தடித்து, ஒரு சுவர் மாதிரி எழும்பி வந்தது. இந்தக் கரையில் இருப்பவர்களுக்குத் தெரியும், சுமத்ரா காற்று வந்தால் சம்பானெல்லாம் தேங்காய் மட்டை. வலைப்படகு ஒன்று கரைப் பக்கமாக எங்களைக் கடந்து ஓடியது. அதில் நின்றவர் இரண்டு கையையும் ஆட்டி, "பாலேக்! பாலேக்!" என்று கத்தினார், திரும்பிப் போங்கள் என்று.

"அந்தோணி, கெளம்பலாம்."

"இரு."

"என்னாடா இரு? அங்க பாரு!"

எழுந்து போய் நானே கயிற்றை இழுத்தேன், தூண்டில் நரம்பை விரலில் சுற்றியபடியே. நங்கூரம் வரவில்லை. அவனும் இழுத்தான், இரண்டு பேரும் இழுத்தோம், சம்பானின் மூக்குத்தான் தண்ணீரில் அமுங்கியது. பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டது, அது நடப்பதுதான்.

"அறுத்துரு," என்றேன்.

"அண்ணன் நங்கூரம்டா. எஸ்டேட்டுத் தண்டவாளத்த வெட்டி அவனே ஒட்டவச்சது."

"வேற செய்யலாம்டா! நான் செஞ்சு தாரேன்!"

"வாத்தி," என்றான். கயிற்றைத் தடவிக் கொடுத்தான், சிரித்தமாதிரிதான் இருந்தது முகம். "கீழ யாரோ புடிச்சிக்கிட்டு இருக்கிற மாதிரி இல்ல?"

நம்பினால் நம்புங்கள், அந்தக் கறுப்புச் சுவரைவிட அந்தச் சிரிப்புக்குத்தான் நான் பயந்தேன். இவன் திரும்பி வருவதற்காக வந்தவன் இல்லை என்று எனக்கு அப்போது உறுதியாகத் தெரிந்தது. கத்தி அவன் தொடைக்கடியில் இருந்தது. பிடுங்கப் போனால் தள்ளுமுள்ளாகும், சம்பான் கவிழும். அவன் என்னைவிடப் பலசாலி. அண்ணியிடம் நான் என்ன சொல்லிவிட்டு வந்தேன்? பின்பக்கம் வந்து உட்கார்ந்தேன். என்னவெல்லாமோ பேசினேன், அண்ணி பேரைச் சொன்னேன், பிள்ளை பேரைச் சொன்னேன், என் உயிருக்குப் பயமாக இருக்கிறது என்றுகூடச் சொன்னேன். அவன் மறுபடி எனக்கு முதுகைக் காட்டிக் கயிற்றில் கை வைத்துக்கொண்டான்.

"நீர் திரும்பட்டும், தானா கழண்டுக்கும்," என்றான், அவ்வளவுதான்.

முதல் குளிர்காற்று முகத்தில் அடித்தது.

அப்போதுதான் என் விரலில் நரம்பு இழுபட்டது.

இதை எப்படிச் சொல்வது? கெலாமா மீன் கொத்தினால் கோழி கொத்துகிற மாதிரி இருக்கும். செனாங்கின் பறிக்கும். திருக்கை வந்து அப்பிக்கொண்டு கிடக்கும், கல்லென்றே நினைப்போம். இவை எல்லாம் என் விரலுக்கு மனப்பாடம். இது எதுவும் இல்லை. ஒரு இழுப்பு. நிதானமாக, உறுதியாக. பிறகு விட்டது. பிறகு அதே அளவில் இன்னொரு இழுப்பு. பிறகு விட்டது. மீன் எப்படி இழுத்தாலும் அதில் ஒரு பதற்றம் இருக்கும். இதில் பதற்றமே இல்லை.

என் கை தானாக நூலை ஏற்ற ஆரம்பித்தது. கனமே இல்லை. முதல் கை மேலே வந்தது, நான் முறுக்கியது, முள்ளும் அரை இறாலும் அப்படியே இருந்தன. அடுத்த கை வந்தது. அதற்குப் பிறகு ஈயக்குண்டு வரவேண்டும். குண்டு வரவில்லை. இன்னும் ஒரு கை வந்தது.

மூன்று.

நடுவில் இருந்தது என்னுடையது இல்லை. அதில் முள் இல்லை. அதன் நுனியில் ஓர் இறால் தலை மட்டும், நீல நூலால் இறுக்கிக் கட்டியபடி தொங்கியது. கம்பி பளபளவென்று இருந்தது, அப்போதுதான் வெட்டின மாதிரி. அதன் வளையத்தைத் தொட்டேன். பார்க்க வேண்டிய தேவையே இல்லை, விரல் சொல்லிவிட்டது. எதிர்ப்பக்க முறுக்கு.

"அந்தோணி," என்றேன். காற்றில் அவனுக்குக் கேட்கவில்லை, மறுபடி கூப்பிட்டேன்.

திரும்பினான். நான் தூண்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். மூன்று கையும் காற்றில் ஆடின. அவன் நடுவில் இருந்த கையைப் பார்த்தான். எழுந்து வந்து அந்த முறுக்கை விரலால் தடவினான், நூலைத் தடவினான். பிறகு என்னைப் பார்த்தான். ரொம்ப நேரம் என் முகத்தையே பார்த்தான். அவன் கண் நிறைந்துகொண்டு வந்தது, அதே நேரம் உதட்டு ஓரத்தில் ஒரு சிரிப்பு மாதிரியும் இருந்தது. அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்கு அப்போது புரியவில்லை.

"சரி வாத்தி," என்றான். "வெறுங்கை ஏறிருச்சு. கெளம்பலாம்."

நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டான். கத்தியை எடுத்து நங்கூரக் கயிற்றை ஒரே வெட்டில் அறுத்தான். கயிற்று முனை தண்ணீருக்குள் போனதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, நேராக எஞ்சினுக்கு வந்து இழுத்தான்.

அதன் பிறகு நடந்தது எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. மழை கல் மாதிரி முதுகில் விழுந்தது. கரை மறைந்துபோனது. நான் மைலோ டின்னால் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்தேன், இறைக்க இறைக்க ஏறியது. அந்தோணி ஒவ்வோர் அலைக்கும் எஞ்சினை அடக்கி, ஏற்றி, மூக்கைத் திருப்பி, எப்படியோ எங்களை ஆற்றுவாய்க்குள் கொண்டுவந்து சதுப்பு மரங்களுக்குள் செருகினான். இரண்டு பேரும் வேரைப் பிடித்துக்கொண்டு மழை விடுகிறவரை உட்கார்ந்திருந்தோம். மழை விட்டு நாங்கள் கரைக்கு வந்தபோது அண்ணி குடையோடு படகுத்துறையிலேயே நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் கிட்ட வந்தார். இவனைத் தொட்டுப் பார்த்தார், என்னைத் தொட்டுப் பார்த்தார், குடையை மடக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தோணியே போய்ச் சாமியாரிடம் பேசினான். பூசை நடந்தது. அந்த லுபோக்குக்கு அவன் அதற்குப் பிறகு போகவே இல்லை.

நான் சும்மா இருப்பேனா? ஈப்போவுக்குத் திரும்பியதும் அந்தத் தூண்டிலை மேசைமேல் விரித்து வைத்து ஆராய்ந்தேன். கடலடியில் கிடந்த சவரி அண்ணனின் பழைய கை வந்து சிக்கியிருக்குமோ? மங்குக் கம்பி உப்புத் தண்ணீரில் சில நாளிலேயே துருப்பிடித்துவிடும், வருஷக்கணக்கில் கிடந்தால் ஒன்றும் மிஞ்சாது. அதோடு, அது சிக்கிக்கொண்டு வரவில்லை, முறுக்கி மாட்டியிருந்தது. என் ஈயக்குண்டு முடிச்சு நான் சுட்ட உருண்டையோடு அப்படியே இருந்தது, ஆக நுனி வழியாக நுழைத்திருக்க முடியாது. நரம்பின் மேலேயே வைத்துத்தான் முறுக்கியிருக்க வேண்டும். ஆனால் குறடு வைத்து முறுக்கினால் விழுகிற கீறல், பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன், ஒன்றுகூட இல்லை.

அப்படியானால் மிச்சம் இருப்பது அந்தோணி. அந்த நீல நூல் அவன் வீட்டு நூல். இந்த நாடகத்தை முடித்துக்கொள்ள அவனுக்கே ஒரு சாக்குத் தேவைப்பட்டிருக்கிறது, நான் பயத்தில் இருந்த நேரம் பார்த்து எப்படியோ மாட்டிவிட்டான். எப்படி என்று கேட்காதீர்கள், அவன் எனக்கு முதுகைக் காட்டித்தான் இருந்தான், நரம்பு என் விரலில்தான் இருந்தது. ஆனால் மனுஷனுக்குத் தூக்கம் வரவேண்டுமே. அந்தோணிதான் செய்தான் என்று முடிவு கட்டிவிட்டேன், அவனிடம் கேட்டு அவனைச் சங்கடப்படுத்தவும் இல்லை. நன்றாகத்தான் தூங்கினேன், சில வருஷம்.

அவனுக்குச் சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலை கிடைத்தது. பஸ் ஏறுவதற்கு முன் என் வாடகை வீட்டுக்கு வந்தான், மத்தியானம். தேநீர் போட்டேன். சுவரில் நான் தூண்டில்களைப் பலகையில் மாட்டி வைத்திருப்பேன், அதற்குப் பக்கத்தில் தனியாக ஓர் ஆணியில் அந்தக் கை. பலகையில் இருந்த மற்றக் கம்பிகள் ஈப்போ மழைக்காற்றிலேயே பழுப்பேறி உதிர்ந்துகொண்டிருந்தன. அது மட்டும் மினுங்கியது. அந்தோணி எழுந்து போய் அதன் முன்னால் நின்றான்.

"இன்னும் வச்சிருக்கியா?"

"பின்ன, தூக்கிப் போடுவேனா?"

"ரொம்ப நாளா சொல்லணும்னு இருந்தேன் வாத்தி. அன்னைக்கு நீ செஞ்சத நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்."

"நான் என்னாடா செஞ்சேன்? தண்ணி எறச்சேன்."

"நடிக்காத லா. மொத நாளே அண்ணிகிட்ட நூல்கண்ட எடுத்து வச்சிக்கிட்டு நின்னத நான்தான் பாத்தேனே. அண்ணே மாதிரி பீச்சக்கையால முறுக்க வேற பழகிக்கிட்டு வந்திருக்க." ஆணியில் இருந்த கையை விரலால் தொட்டான். "அது பொய்யின்னு எனக்கு அப்பவே தெரியும்டா. எனக்காக ஒருத்தன் இவ்வளவு மெனக்கெட்டு ஏமாத்துறானேன்னுதான் கயித்த அறுத்தேன். இல்லாட்டி வந்திருக்க மாட்டேன்."

நான் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தேன்.

"அந்தோணி, அத நீ செஞ்சேன்னுதான்டா நான் நெனச்சிக்கிட்டு இருக்கேன்."

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அவன் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து நின்றது.

என் தூண்டில் பெட்டியைத் திறந்து குறடையும் ஒரு கம்பியையும் எடுத்து என் முன்னால் வைத்தான். "பீச்சக்கையால முறுக்கு," என்றான். முறுக்கினேன். குறடு வழுக்கியது, கம்பி கோணிக்கொண்டு நின்றது. அவன் வாங்கி முறுக்கினான். அது இன்னும் மோசம், கோழிக்கால் மாதிரி இருந்தது. ஆணியில் தொங்கியதோ அச்சில் வார்த்த மாதிரி. இரண்டு பேரும் அதை நிமிர்ந்து பார்க்கவில்லை.

குறடைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான், "அது மேல வர்றதுக்கு முன்னாடி, நூல்ல ஏதாச்சும் தெரிஞ்சிச்சா ஒனக்கு?"

இரண்டு இழுப்பு என்றேன். மெதுவாக. ஒன்று, விட்டு, இன்னொன்று.

அவன் மேசையிலிருந்த ஒரு துண்டு நரம்பை எடுத்தான். ஒரு முனையை என் ஆள்காட்டி விரலில் சுற்றினான். மறுமுனையில் ஒரு முள்ளைக் கட்டினான், எச்சில் தொட்டு முடிச்சை இறுக்கினான். பிறகு, முடிச்சுப் போட்ட எவனும் செய்கிறதைச் செய்தான். சரியாக இறுகியிருக்கிறதா என்று முள்ளைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். ஒரு தடவை. விட்டு, இன்னொரு தடவை.

"இப்படியா?" என்றான்.

அவன் என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டான். நரம்பை என் விரலிலிருந்து மெதுவாகக் கழற்றினான், பையை எடுத்துக்கொண்டு, "வாரேன் வாத்தி" என்று கிளம்பிவிட்டான்.

இப்போதும் கடலுக்குப் போகிறேன். தூண்டில் கட்டுகிறேன், கை முறுக்குகிறேன், ஈயக்குண்டைச் சுடுகிறேன். ஆனால் போட்ட முடிச்சை இழுத்துப் பார்ப்பதை மட்டும் விட்டுவிட்டேன். அப்படியே இறக்கிவிடுகிறேன். அதனால் எத்தனையோ நல்ல மீன் அறுத்துக்கொண்டு போயிருக்கிறது, கூட வருகிறவர்கள் திட்டுகிறார்கள். போகட்டும்.